மர நாற்றின் பசி

மரம் எதைத் தின்று வளர்கிறது? சிறு குழந்தை இப்படிக் கேட்டால் நாம் சிரித்துவிடுவோம். பதினேழாம் நூற்றாண்டில், இன்று பெல்ஜியம் என வழங்கும் நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்னும் மருத்துவர் சிரிக்கவில்லை. நன்கு உலர்த்திய மண்ணை 200 இராத்தல் நிறுத்து ஒரு தொட்டியில் இட்டார். நம் ஆற்றுப்பாலைக்கு இனமான வில்லோ மரக்கன்று ஒன்றை, ஐந்து இராத்தல் எடையுள்ளதாகத் தேர்ந்து அதில் நட்டார். மழைநீரைத் தவிர வேறொன்றும் ஊற்றாமல் ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது அது 169 இராத்தலும் ஏறத்தாழ மூன்று அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்திருந்தது இரண்டே அவுன்சு! ஆகவே மரம் முழுவதும் நீரினால் ஆயது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பின்னர் 1648-இல் வெளியான நூலில் இச்சோதனை இடம் பெற்றது.

அம்முடிவு பாதி உண்மையே என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். மரத்தின் உடலில் பெரும்பங்கு காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாயுவைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'காஸ்' என்ற சொல்லைப் படைத்தவர் இதே வான் ஹெல்மான்ட்தான். சொல்லைப் படைத்தவரின் கண்ணில் அதன் பொருள் படாமற் போயிற்று. அது நிற்க. நான் இன்று பேச விரும்புவது மண்ணிலிருந்து காணாமற்போன அந்த இரண்டு அவுன்சைப் பற்றி. அளவையின் பிழை என்று அதை அவர் ஒதுக்கிவிட்டார். ஆனால் அந்த இரண்டு அவுன்சு இல்லாவிட்டால் அந்த மரமே இல்லை.

1699-இல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்பவர் புதினாச் செடிகளை மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீர் என்று பலவகை நீர்களில் வளர்த்துப் பார்த்தார். தூய நீரில் வளர்ந்த செடி நோஞ்சானாக நின்றது. கலங்கல் நீரிலிருந்த செடி கொழுத்து வளர்ந்தது. நீர் மட்டுமே உணவாயின் இவ்வேறுபாடு ஏன்? நீரில் கரைந்திருந்த ஏதோ ஒன்று செடிக்குள் சென்றிருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' பல பொருள்களின் கூட்டம் என்று தெளிய இன்னும் நூற்றறுபது ஆண்டுகள் ஆயின. 1860-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியரான ஜூலியஸ் சாக்ஸ், மண்ணே இல்லாமல், சில உப்புகளைக் கரைத்த நீரில் மட்டும் செடிகளை வளர்த்துக் காட்டினார். அதன்பின் ஆராய்ச்சியாளரின் வேலை எளிதாயிற்று. ஓர் உப்பை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடு. செடி நோயுற்றால் விட்டது அவசியமானது. இந்தக் கழித்தல் முறையால் பட்டியல் நீண்டது. 1923-இல் காதரின் வாரிங்டன் என்னும் அம்மையார், அவரை இனச் செடி ஒன்றுக்குப் போரான் இன்றியமையாதது என நிறுவினார். 1939-இல் ஆர்னன், ஸ்டவுட் என்ற இருவர் மாலிப்டினத்தைச் சேர்த்தனர். கடைசியாக 1987-இல் நிக்கல் வந்து சேர்ந்தது. கரி, நீரகம், உயிரகம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினால் இன்று பதினேழு தனிமங்கள்.

இவற்றின் அளவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உலர்ந்த எடை ஐந்து கிராம் உள்ள ஒரு மர நாற்றை எடுத்துக்கொள்வோம். தாவர உடலில் பொதுவாகக் காணப்படும் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், அதில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, 75 மில்லிகிராம் இருக்கும். போரானோ பத்து லட்சத்தில் இருபது பங்கு. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்று. ஒரு கிராம் போரானைப் பத்தாயிரம் நாற்றுகளுக்குப் பங்கிடலாம். மாலிப்டினம் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலும் பத்தில் ஒன்று. ஒரு கிராம் இருந்தால் இருபது லட்சம் நாற்றுகளுக்குப் போதும். இவ்வளவு சொற்பமான பொருள் குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றும். கைக்கடிகாரத்தினுள் இருக்கும் மிகச் சிறிய திருகாணியைக் கழற்றிவிட்டால் என்ன கெடும்? போரான் இல்லாவிட்டால் புதிய செல்லின் சுவர் உருவாகாது; மாலிப்டினம் இல்லாவிட்டால் வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைச் செடியால் புரதமாக்கிக்கொள்ள இயலாது. அளவு வேறு, அவசியம் வேறு. எது மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ அதுவே வளர்ச்சியின் எல்லையைக் கட்டுகிறது. இதனை முதலில் 1828-இல் ஸ்பிரெங்கல் என்பவர் சொன்னார்; பின்னர் லீபிக் பரப்பினார். உலகம் லீபிக்கின் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது.

இனி மரத்துக்கு வருவோம். தைலமரம், சவுக்கு, மலைவேம்பு, குமிழ், அக்கேசியா மாஞ்சியம் ஆகியவை வெப்ப நாடுகளில் விரைந்து வளரும் மரங்கள். விறகுக்கும் காகிதக் கூழுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இவற்றை நடுகின்றனர். இவற்றின் நாற்று, நெல் நாற்றைப் போன்றதன்று. மெதுவாக வளரும் காட்டு மரத்தின் நாற்றைப் போன்றதும் அன்று. விரைந்து வளர்வது என்றால் என்ன? பத்து நாளைக்கு ஒருமுறை எடை இரட்டிக்கும் ஒரு நாற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்று அதன் உலர்ந்த எடை 78 மில்லிகிராம். பத்தாம் நாள் 156. இருபதாம் நாள் 312. இப்படியே அறுபதாம் நாள் அறுபத்து நான்கு மடங்காகி ஐந்து கிராமைத் தொட்டுவிடும். முதற் பத்து நாளில் அதற்கு வேண்டிய நைட்ரஜன் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். கடைசிப் பத்து நாளில் வேண்டியது 37 மில்லிகிராமுக்கு மேல். ஒரே நாற்று, ஒரே பை. பசி முப்பது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஆனால் பையில் இருக்கும் மண் பெருகுவதில்லையே!

நாற்றங்காலில் நாம் செய்வது என்ன? செம்மண், மணல், தொழு உரம் கலந்து பையை நிரப்பி, வாரம் ஒரு கைப்பிடி என்று ஒரே அளவாக உரமிடுகிறோம். தொடக்கத்தில் அது நாற்றுக்கு மிகுதி; வேர் கருகவும் கூடும். முடிவில் அதுவே பற்றாக்குறை. சுவீடன் நாட்டில் இங்கெஸ்டாட் என்னும் அறிஞர் பிர்ச்சு மர நாற்றுகளை வைத்து இக்கேள்வியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். கொடுக்கும் சத்தின் மொத்த அளவைவிட, செடியின் வளர்ச்சி வேகத்தோடு கொடுக்கும் வேகம் ஒத்துச் செல்வதே முக்கியம் என்று காட்டினார். தாய் குழந்தைக்குச் சோறூட்டுவதும் இப்படித்தான். ஆறு மாதத்துக் குழந்தைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கிண்ணத்தால் அளப்பதில்லை.

பசி எடுத்தால் குழந்தை அழும். நாற்று எப்படி அழும்? இலையால் அழும். அந்த அழுகையைப் படிக்க ஒரு திறவுகோல் உண்டு. மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பாடநூலின் நீண்ட அட்டவணையில் பாதியை உருப்போட வேண்டியதில்லை. வெளிறல் முதலில் எங்கே தோன்றுகிறது, கீழே முதிர்ந்த இலையிலா, மேலே கொழுந்திலா? இதைப் பாருங்கள்.

நைட்ரஜன், பாஸ்பரம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. பஞ்ச காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் தம் வயிற்றைக் கட்டிப் பேரப்பிள்ளைக்குச் சோறு வைப்பதைப்போல, முதிர்ந்த இலை தன்னிடமுள்ள சத்தைக் கழற்றி, புளோயக் குழாய்வழியே கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆதலால் இவை குறைந்தால் முதலில் வாடுவது அடியிலை. நைட்ரஜன் குறைந்தால் அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளித்து உதிரும். பாஸ்பரம், அதாவது மணிச்சத்து குறைந்தால், தைலமரக் கன்றின் அடியிலைகளில் ஊதாச் சிவப்பு ஏறும். செடி குள்ளமாய் நிற்கும். பொட்டாசியம் குறைந்தால் இலையின் ஓரம் தீயில் வாட்டியதுபோல் காயும். மக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக இருக்க, அவற்றின் இடைவெளி மஞ்சளாகும்.

இரும்பு, கால்சியம், போரான் ஆகியவை ஒருமுறை குடியேறிய இலையை விட்டுப் பெயராதவை. துத்தநாகம், தாமிரம், கந்தகம் ஆகியவை பெயரத் தயங்குபவை. இவை குறைந்தால் முதிர்ந்த இலை செழிப்பாகவே இருக்கும். புதிதாகப் பிறக்கும் கொழுந்துதான் பட்டினி. இரும்புக் குறைவில் கொழுந்து வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைவலை போலத் தெரியும். துத்தநாகம் குறைந்தால் இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கொத்தாக நிற்கும். தாமிரம் குறைந்தால் தண்டுக்கு விறைப்பு ஏறாமல் வளைந்து தொங்கும். போரான் குறைந்தால் நுனிக்குருத்தே கருகி இறக்கும். பக்கக் கிளைகள் கிளம்பி, அவற்றின் நுனியும் இறக்கும். தைலமரத்தில் இலை நரம்புகள் தக்கைபோல் தடித்து வெடிப்பதும் உண்டு.

சவுக்கை மட்டும் இந்த முறையில் படிப்பது சிறிது கடினம். நாம் சவுக்கு இலை என்று எண்ணும் ஊசிகள் இலைகள் அல்ல. அவை கணுக்கணுவாக இணைந்த பச்சைச் சிறுகிளைகள். மெய்யான இலைகள் கணுதோறும் வட்டமாக நிற்கும் நுண்ணிய செதில்களாகச் சுருங்கிவிட்டன. ஆகவே அங்கே அடியிலை, நுனியிலை என்பதற்குப் பதிலாகப் பழைய ஊசி, புதிய ஊசி என்று பார்க்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு நான் சென்றிருந்தபோது கண்டதை இங்கே கூறுகிறேன். அது சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலப்பகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வூர்ப் பெண்கள் சிலர் கூட்டாகக் கடன் வாங்கித் தைலமர நாற்றுகள் வளர்த்திருந்தனர். ஐப்பசி மழைக்கு முன் நாற்றுகளை விற்றால்தான் கடனை அடைக்கலாம். புரட்டாசி பிறந்துவிட்டது, நாற்றுகளோ வெளிறிக் கிடந்தன. தைலமரம் நடுவது நிலத்துக்கு நல்லதா என்ற வழக்கு வேறு. அதற்குள் நான் புகவில்லை. கடன்பட்டவர் முன் நின்றுகொண்டு அந்த வழக்கை நடத்த எனக்கு மனம் வரவில்லை.

"யூரியாவைக் கரைத்து மூன்று தடவை ஊற்றிவிட்டோம், ஐயா. உரம் விற்றவர் அதைத்தான் சொன்னார். ஊற்ற ஊற்ற வெளுப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை" என்றார் அவர்களுள் மூத்த அம்மையார்.

"அடியிலையைப் பாருங்கள், அம்மா. அது பச்சையாக இருக்கிறதல்லவா?" என்றேன்.

"ஆமாம். கொழுந்துதான் மஞ்சள் பூத்திருக்கிறது. நரம்பு மட்டும் பச்சை."

அவர் படிக்காதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆனால் நோயின் குறியை என்னைக் காட்டிலும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். இது நைட்ரஜன் பசி அன்று; இரும்புப் பசி. பையிலே இருந்ததோ செம்மண். செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறந்தான். இரும்புக் குவியலின் நடுவே நின்றுகொண்டு நாற்று இரும்புக்கு ஏங்கியது! காரணம் கிணற்று நீரில் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்த நீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி, பைகார்பனேட்டு உப்பைச் சுமந்து வந்தது. நாள்தோறும் அதை ஊற்ற ஊற்றப் பை மண்ணின் காரத்தன்மை ஏறிற்று. காரம் ஏறிய மண்ணில் இரும்பு கரைவதில்லை; கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. யூரியா அதைத் தீர்க்குமா? அது இலையை வளரத் தூண்டியது. வளர்ந்த புதிய இலைக்கு மேலும் இரும்பு வேண்டியிருந்தது. பசித்தவனை ஓடச் சொன்னது போலாயிற்று.

இவ்வாறு நான் விளக்கியதை அவர்கள் நம்பவேண்டும் என்பதில்லை. சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஒரு லிட்டர் மழைநீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட்டு, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் இரண்டையும் கரைத்து, பழைய துணியை நனைத்து, சில நாற்றுகளின் கொழுந்திலைகளில் பாதிப் பக்கம் மட்டும் தடவச் சொன்னேன். மறுவாரம் நான் போனபோது தடவிய பாதி பச்சையாகவும் தடவாத பாதி மஞ்சளாகவும் நடுநரம்பு வரம்பு கட்டினாற்போல் நின்றது. துளி சிதறிய இடங்களில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. இரும்பு இடம் பெயராது என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா? அந்த இலையே அதற்குச் சாட்சி. பின்னர் நாற்று முழுவதற்கும் அக்கரைசலைத் தெளித்தனர்; ஏரித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினர். பின்தங்கிய நாற்றுகள் சில போயின. பெரும்பாலானவை தேறி, மழைக்கு முன் விலை போயின. ஏரித் தண்ணீர் சுமந்ததுதான் தமக்குப் பெரும்பாடு என்று அந்த அம்மையார் பின்னர் சொன்னார்.

இலையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும். பையினுள் வேர் சுருண்டு நெரிந்தாலும் மஞ்சளிக்கும். உப்பு மிகுந்தால் ஓரம் கருகும். நூற்புழு வேரைத் தாக்கினாலும் பசிக்குறிகள் தோன்றும். இரண்டு சத்துகள் ஒருங்கே குறையும்போது குறிகள் குழம்பும். ஆகவே முதலில் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ஒரு நாற்றைப் பலி கொடுக்க மனம் வராமல் ஆயிரம் நாற்றுகளைப் பலி கொடுக்கின்றனர்.

விரைந்து வளரும் மரத்துக்கே உரிய இன்னொரு துன்பம் உண்டு. ஒரு சத்தை மிகுதியாகக் கொடுத்தால் வேறொரு சத்தின் குறை வெளிப்படும். நைட்ரஜனும் பாஸ்பரமும் கிடைத்த நாற்று திடீரென்று பருக்கும்; முன்பு போதுமாயிருந்த சிறிதளவு போரான் இப்போது பெரிய உடலில் பரவி நீர்த்துப்போகும். ஆப்பிரிக்காவில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், தைலமரத் தோப்புகளில் நுனி கருகும் நோய் கண்டது. கோடை வந்ததும் நுனி கருகும். மழை வந்ததும் பக்கக் கிளை துளிர்க்கும். அடுத்த கோடையில் அதுவும் கருகும். நேரான மரம் புதராயிற்று. வறட்சியின் குற்றம் என்றே முதலில் எவரும் நினைப்பர். போரான் குறைவே அதன் வேர் என்பது 1960-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. ஆனால் வறட்சிக்கும் இதில் பங்கு உண்டு. போரான் நீரோட்டத்தோடுதான் இலைக்கு ஏறும். மேல்மண் உலர்ந்தால் நீரோட்டமும் இல்லை, போரானும் இல்லை. இதற்கு மருந்து வெண்காரம் சிறிதளவு. சிறிதளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். போரானில் குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரம்பு மிகக் குறுகியது. கண்ணளவாக அள்ளித் தூவினால் நாற்றின் இலையோரம் கருகி, மருந்தே நோயாகும்.

சில மரங்கள் தமக்கு வேண்டிய சத்தில் ஒரு பங்கைத் துணையாட்களைக் கொண்டு தேடிக்கொள்கின்றன. சவுக்கின் வேரில் முடிச்சுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரைச் செடியின் முடிச்சிலுள்ள ரைசோபியம் வேறு. சவுக்கின் முடிச்சில் வாழ்வது பிராங்கியா என்னும் இழைவடிவ நுண்ணுயிர். காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தருவது அதன் தொழில். சோழமண்டலக் கடற்கரையின் மணலில், தழைச்சத்து ஏறத்தாழ இல்லாத இடத்தில், சவுக்கு ஓங்கி வளரும் இரகசியம் இதுவே. இந்த நுண்ணுயிரை மரத்திலிருந்து பிரித்துத் தனியே வளர்ப்பது நெடுங்காலம் கைகூடவில்லை. 1978-இல் அமெரிக்காவில் காம்ப்டோனியா என்னும் புதர்ச்செடியின் முடிச்சிலிருந்து கலஹாம், டெல் டிரெடிசி, டாரி ஆகியோர் அதை முதன்முதல் பிரித்தெடுத்தனர். நாற்றங்காலில் இவ்வளவு நுட்பம் வேண்டுவதில்லை. நோயற்ற மரத்தின் முடிச்சுகளை நசுக்கி நீரில் கரைத்து ஊற்றினால் போதும். ஆனால் அதோடு யூரியாவையும் மிகுதியாகக் கொடுத்தால் முடிச்சு உண்டாகாது. வீட்டில் சமைத்த சோறு நிறைய இருக்கும்போது மரம் சமையற்காரரை வைத்துக்கொள்வதில்லை. பாஸ்பரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு அது நிறையச் செலவாகிறது. 1966-இல் குவின்ஸ்லாந்திலிருந்து சபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அக்கேசியா மாஞ்சியத்துக்கும் இது பொருந்தும்.

பாஸ்பரமோ மண்ணில் நகராத பொருள். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்துக் கட்டிவிடும். வேர் அதன் அருகே போனாலன்றிக் கிடைக்காது. இங்கேயும் ஒரு துணையாள் உண்டு, அது வேர்ப்பூசணம். வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் எட்டாத தொலைவுக்கு மெல்லிய இழைகளை அனுப்பிப் பாஸ்பரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் சர்க்கரையைப் பெறும். இதற்கு 1885-இல் மைக்கோரைசா என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான பிராங்க். பிராங்கியாவும் அவர் பெயரைத் தாங்கியதே. போர்ட்டோ ரிக்கோத் தீவில் பைன் மரங்களை வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்றனர். நாற்று முளைக்கும், மஞ்சளித்துக் குள்ளமாகி இறக்கும். 1955-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரத்தடியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தபின் நாற்றுகள் பச்சையாகி எழுந்தன. பைனுக்குரிய பூசணம் அத்தீவின் மண்ணில் இல்லை என்பதே காரணம்.

நாற்றங்காலில் இருக்கும் பசியையாவது கரைசல் தெளித்துத் தீர்க்கலாம். காட்டில் நட்டபின் என்ன செய்வது? நம் குமிழ மரத்தின் கதையைக் கேளுங்கள். பிரேசில் நாட்டில், அமேசான் காட்டின் ஜாரி ஆற்றங்கரையில், டேனியல் லட்விக் என்னும் அமெரிக்கச் செல்வர் 1967-இல் மிகப் பெரிய நிலப்பரப்பை வாங்கினார். காட்டை அழித்துக் குமிழை நட்டுக் காகிதக் கூழ் செய்வது அவர் திட்டம். குமிழ் இந்தியாவிலும் பர்மாவிலும் இயற்கையாக வளர்வது. விரைந்து வளர்வதில் பேர்பெற்றது. அத்தனை பெரிய காடு வளர்ந்த மண் வளமாகத்தானே இருக்கும் என்று யாரும் எண்ணுவர். ஆனால் அக்காட்டின் சத்தில் பெரும்பகுதி மரங்களிலும் மட்கிய சருகிலும் மெல்லிய மேல்மண்ணிலுமே இருந்தது. புல்டோசர்களால் காட்டை வழித்தபோது அந்த மேல்மண்ணும் வழிக்கப்பட்டது, எஞ்சியது இறுகிற்று. களிமண் பாங்கான இடங்களில் குமிழ் வளர்ந்தது. சத்தற்ற மணற்பாங்கில் அது எதிர்பார்த்தபடி எழவே இல்லை. பின்னர் கையால் வெட்டும் முறைக்குத் திரும்பினர், மணற்பாங்கில், சொற்பச் சத்தோடு வாழத் தெரிந்த கரிபியன் பைனை நட்டனர், தைலமரத்தையும் நட்டனர். இதற்கிடையே 1978-இல் ஜப்பானில் கட்டிய கூழ் ஆலையைக் கடல் வழியே மிதக்கவிட்டு இழுத்துவந்து நிறுத்தியும் ஆயிற்று. 1982-இல் லட்விக் அத்திட்டத்தைக் கைவிட்டார். கடனும் அரசியலும் அதற்குக் காரணங்கள். மண்ணும் ஒரு காரணம்.

மீண்டும் நாற்றுப் பைக்கு வருவோம். நம் நாற்றுப் பண்ணைகளில் இப்போது மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க் கழிவை, சுமார் நூறு கன சென்டிமீட்டர் கொள்ளும் கூம்புக் குப்பிகளில் நிரப்பி நாற்று விடுகின்றனர். எடை குறைவு; வேர் சுருளாமல் கீழ்நோக்கி இறங்கும்; நல்ல முறைதான். ஆனால் மட்காத நார்க் கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கரி இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்ட நைட்ரஜனைத் தேடி, நாற்றுக்கு ஊற்றியதையும் பறித்துக்கொள்ளும். நாற்று அடியிலிருந்து மஞ்சளிக்கும். உப்பும் அதில் மிகுதி. எனவே நார்க் கழிவை நன்றாக மட்கவைத்து, நல்ல நீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: நாற்றை வயலுக்கு அனுப்பும் சில வாரங்களுக்கு முன்னரே தழை உரத்தைக் குறைத்துவிட வேண்டும். கடைசி நாள் வரை யூரியா குடித்த நாற்று, பார்க்கக் கரும்பச்சையாய்த் தளதளவென்றிருக்கும், வாங்குவோரை மயக்கும். தலை பெருத்து வேர் சிறுத்த அந்த நாற்று, நட்ட இரண்டாம் நாள் வெயிலில் துவண்டுவிடும்.

கல்லூரி மாணவர் இவற்றைத் தாமே சோதித்துப் பார்க்கலாம், செலவு அதிகமில்லை. ஆற்று மணலை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, மழைநீரில் பலமுறை கழுவுங்கள். அடியில் துளையுள்ள ஆறு தொட்டிகளில் அதை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே வயதுள்ள மூன்று தைலமர நாற்றுகளை நடுங்கள். முதல் தொட்டிக்கு எல்லாச் சத்தும் அடங்கிய கரைசல். இரண்டாவதற்கு நைட்ரஜன் இல்லாதது; மூன்றாவதற்குப் பாஸ்பரம் இல்லாதது; நான்காவதற்குப் பொட்டாசியம் இல்லாதது; ஐந்தாவதற்கு இரும்பு இல்லாதது; ஆறாவதற்கு வெறும் மழைநீர். வாரம் இருமுறை ஊற்றி, வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து, வெளிறிய முதல் இலை கீழிருந்து எத்தனையாவது கணுவில் இருக்கிறது என்பதைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போரானையும் துத்தநாகத்தையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். கழுவிய மணலிலும் கண்ணாடிப் பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் அணுவளவே அவற்றுக்குப் போதுமாகி, உங்களை ஏமாற்றிவிடும். எட்டாவது வாரத்தில் நாற்றுகளைப் பிடுங்கி, வேரையும் தண்டையும் தனித்தனியே உலர்த்தி நிறுத்து, முதல் தொட்டியின் எடையோடு ஒப்பிடுங்கள். பிடுங்குவதற்கு முந்திய வாரத்தில் ஐந்தாம் தொட்டியின் நாற்று ஒன்றுக்கு மட்டும், ஒரே இலையில், பாதிப் பக்கம் அன்னபேதிக் கரைசலைத் தடவி வையுங்கள்.